"என்னைய ஆருன்னு தெரியுதா?"

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரத்தில் நாற்பது பேராவது பார்க்க வந்திருப்பார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கூடத்து அலமாரியில் அடுக்க இடமில்லாமல் போயின. வந்த ஒவ்வொருவரும் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, அவன் முகத்தருகே குனிந்து, ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஏந்தம்பி, என்னைய ஆருன்னு தெரியுதா?"

தெரிந்தது. எல்லோரையும் தெரிந்தது. ஊர்ப் பெயரோடு, உறவுமுறையோடு சொன்னான். பெரியம்மா வீட்டில் முன்பு இருந்த நாயின் பெயரைக்கூடச் சொன்னான். கேட்டவர்கள் முகம் மலர்ந்து, "ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்குது, சாமி காப்பாத்திருச்சு" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். எங்களுக்கும் அந்த நிம்மதி போதுமானதாக இருந்தது. தலையில் அடிபட்டால் போவது ஞாபகம்தான் என்று நாங்களும் நினைத்திருந்தோம்.

வேறு எப்படி நினைத்திருப்போம்? தலைக்காயம் பற்றி நமக்குச் சொல்லிக்கொடுத்தது சினிமாதான். 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை'யில் விபத்துக்குப் பிறகு அந்தப் பெண் குழந்தையாகிவிடுகிறாள், வைத்தியத்தில் ஒரே நாளில் மீண்டுவிடுகிறாள். 2005-இல் வந்த 'கஜினி'யில் நாயகனுக்குப் பதினைந்து நிமிடம்தான் நினைவு நிற்கும். இரண்டையும் பிடித்துத்தான் பார்த்தேன், அந்தப் படங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இவை தவிர வேறு எதையும் பார்க்காத ஒரு ஊரில், தலையில் அடிபட்டுப் பிழைத்தவனைப் பார்க்க வருகிறவர்கள் கையில் அந்த ஒரு கேள்விதான் இருக்கும். அதற்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டவன் அப்புறம் எதைச் சொன்னாலும் யார் காதிலும் ஏறாது.

விபத்து நடந்தது 2017-இல், பொள்ளாச்சி ரோட்டில், வேலை முடிந்து வரும்போது. ஹெல்மெட் இருந்தது, பெட்ரோல் டேங்க் மேல். அவன் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். கை சுத்தம் என்று பெயர் வாங்கியவன். பதினோரு நாள் ஐ.சி.யூ., அப்புறம் வார்டு, அம்மாவின் நகை, என் பி.எஃப். டிஸ்சார்ஜ் சீட்டில் சுயநினைவு தெளிவாக உள்ளது, தானாக நடக்கிறார், நிலை மேம்பட்டுள்ளது என்று எழுதியிருந்தார்கள். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இனி அவன் எப்படி இருப்பான் என்று மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. மனதார வரவேற்கிறேன். அது அன்றைக்கே இருந்திருந்தால் நாங்கள் அந்த முதல் இரண்டு நாளில் பணத்துக்காக அலைந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் நாற்பத்தொன்பதாவது மணி நேரம்தான் எனக்கு ஞாபகம் வரும். அதற்குப் பிறகு வருகிற வருடங்களுக்கு ஒரு பெயரும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் தலைக்காயம் தனியாக ஒரு பெயராக இல்லை. கை கால் முடங்கியிருந்தால் ஒரு பிரிவு, பேச்சு போயிருந்தால் ஒரு பிரிவு. கை, கால், பேச்சு எல்லாம் இருந்தும் வேலை பார்க்க முடியாதவனை எந்தப் பிரிவில் சேர்ப்பது? சான்றிதழ் முகாமில் எங்களிடம் அதைத்தான் கேட்டார்கள். "நல்லாத்தானே இருக்கறாரு, எதுக்கும்மா கூட்டியாந்தீங்க?"

நல்லாத்தான் இருந்தான். காலையில் எழுந்து கட்டிலில் உட்காருவான், உட்கார்ந்தே இருப்பான். குளிக்கப் போ என்றால் போவான். சொல்லாவிட்டால் மதியம்வரை அப்படியே. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் போய், சபைக்கு நடுவே, சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டு, எல்லோரும் ஏன் தன்னையே பார்க்கிறார்கள் என்று விளங்காமல் நின்றான். மூன்று மணிக்கெல்லாம் அடித்துப்போட்டதுபோல் தூங்குவான். பட்டறைக்கு இரண்டு முறை போனான், இரண்டு முறையும் மத்தியானத்துக்குள் திரும்பி வந்தான். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சோம்பேறி ஆயிட்டான். வாய் நீண்டு போச்சு. ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிரும்.

நானும் அவனைத் திட்டியிருக்கிறேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் மீதி எழுதுவதற்கு அர்த்தமில்லை.

2019 மழைக்காலத்தில், தூக்கம் வராத ஓர் இரவு, நெட்ஃபிளிக்ஸில் ஒரு ஆவணப்படம் கண்ணில் பட்டது. 'மை பியூட்டிஃபுல் புரோக்கன் பிரெயின்'. லண்டனில் வாழ்ந்த லோட்யே சோடர்லண்ட் என்ற பெண்ணுக்கு 2011 நவம்பரில், 34 வயதில், மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்படுகிறது. பிழைத்து எழுந்தபோது படிக்க முடியவில்லை, எழுத முடியவில்லை, பேச நினைக்கிற சொல் வாய்க்கு வரவில்லை. பார்வையின் வலப்பக்கம் நிறங்களும் உருவங்களும் குழம்பிக் கலங்குகின்றன. அறுவைச் சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே அந்தப் பெண் தன் ஐபோனை எடுத்துத் தன்னைத்தானே படம்பிடிக்கத் தொடங்குகிறார். எழுதி வைக்க முடியாது, நினைவில் வைக்க முடியாது, அதனால் பேசி வைக்கிறார். பிறகு சோஃபி ராபின்சன் என்ற இயக்குநரை அழைத்துச் சேர்த்துக்கொள்கிறார். இருவர் பெயரிலும் படம் 2014-இல் வந்தது. அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச் நிர்வாகத் தயாரிப்பாளர்.

அந்தப் படத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது நோயின் கடுமை இல்லை. லோட்யே ஒரு சொல்லைத் தேடும்போது கேமரா காத்திருக்கிறது. யாரும் எடுத்துக்கொடுப்பதில்லை, காட்சியும் வெட்டப்படுவதில்லை. அந்தச் சில விநாடிகளில் அவர் கண்ணில் என்ன நடக்கிறது என்பதை முழுதாகப் பார்க்க முடிகிறது. எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக ஒருநாள்கூட அவ்வளவு நேரம் நாங்கள் காத்திருந்ததில்லை. தம்பி தயங்கினால் அம்மா முடித்துவைப்பார், இல்லை நான் முடித்துவைப்பேன்.

இன்னொன்று. வலப்பக்கப் பார்வை எப்படிக் குலைந்திருக்கிறது என்பதை அந்தப் படம் திரையிலேயே காட்டிவிடுகிறது. அறை உருகுகிறது, விளக்குகள் வழிகின்றன. வெளியே இருந்து பார்த்தால் ஒரு பெண் தெருவில் மெதுவாக நடக்கிறாள், அவ்வளவுதான். உள்ளே இருந்து பார்த்தால் அந்தத் தெருவே வேறு. ஸ்கேன் படம் மூளையைக் காட்டும். அந்த மூளைக்குள் குடியிருப்பது எப்படியிருக்கிறது என்று காட்ட, குடியிருக்கிறவரே பேசவேண்டும், அதற்கு யாராவது கேட்கவேண்டும்.

மறுநாள் காலை நடந்ததை அப்படியே சொல்கிறேன். அம்மா பால் வைத்துவிட்டுத் தண்ணி பிடிக்கப் போயிருந்தார். அடுப்புக்கு நாலடி தள்ளி, சமையலறை வாசலில் உட்கார்ந்து தம்பி பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மாடியிலிருந்து இறங்கும்போதே தீய்ந்த வாடை மூக்கைத் துளைத்தது. பால் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரத்தின் அடி கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. அவன் தலை நிமிரவே இல்லை. அம்மா ஓடிவந்து வழக்கம்போல ஆரம்பித்தார். "கண்ணு முன்னால கருகுது, எந்திரிச்சு அடுப்ப அணைக்கறதுக்குக்கூடவா வலிக்குது?"

வேறொரு நாளாக இருந்தால் நானும் சேர்ந்துகொண்டிருப்பேன். அன்றைக்கு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வாசம் வரலியா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு சொன்னான். "எதுவுமே வர்றதில்லக்கா. அடிபட்டதிலிருந்தே. அம்மா கறிவேப்பிலை போட்டுத் தாளிக்கறது கேக்குது, வாசம் வராது. ரசம் வெந்நியாட்டம் இருக்குது. யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல. எல்லாரும் என்னைய ஞாபகம் இருக்குதான்னுதான் கேட்டாங்க."

அம்மா கையில் துணியோடு அப்படியே நின்றார்.

பிறகுதான் தெரிந்துகொண்டோம். வாசனை நரம்பின் மெல்லிய இழைகள் மூக்குக்கு மேலே சல்லடை போன்ற ஓர் எலும்பின் துளைகள் வழியாக மூளைக்குள் போகின்றன. தலை வேகமாக மோதி நிற்கும்போது மண்டைக்குள் மூளை முன்னும் பின்னும் ஆடுகிறது, அந்த இழைகள் அறுந்துபோகின்றன. தலைக்காயத்தில் சாதாரணமாக நடக்கிற விஷயம் இது. அதேபோல, மூளைக்குள் ஓடும் நுண்ணிய நரம்பிழைகள் பரவலாக இழுபட்டுச் சேதமாகும்போது சி.டி. ஸ்கேனில் அது பெரும்பாலும் தெரிவதே இல்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளையில் அடிபட்டால் ஒரு வேலையைத் தொடங்குகிற விசையும், வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் அடக்குகிற கடிவாளமும் போய்விடலாம். தொடங்க முடியாதவனைத்தான் நாங்கள் இரண்டு வருடமாகச் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு தேடித் தேடிப் பார்த்தேன். அவற்றில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தது 'தி கிராஷ் ரீல்'. லூசி வாக்கர் இயக்கி 2013-இல் வெளியானது. கெவின் பியர்ஸ் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பையன், பனிச்சறுக்கு வீரன். வான்கூவர் ஒலிம்பிக்குக்கு ஆறேழு வாரமே இருக்கும்போது, 2009 டிசம்பர் 31 அன்று, யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டியில் பயிற்சியில் விழுகிறான். ஹெல்மெட் போட்டிருந்தும் மூளையில் பலத்த காயம். கோமா, மறுவாழ்வு மையம், திரும்ப நடை, திரும்பப் பேச்சு. நம் சினிமாவாக இருந்தால் அவன் மறுபடி பனியில் ஏறி ஜெயிப்பதோடு முடிந்திருக்கும். இந்தப் படத்தில் கெவினும் அதைத்தான் விரும்புகிறான். மறுபடி ஏறவேண்டும். இன்னொரு முறை தலையில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அவனுக்கு அது தலையில் ஏறவில்லை. பிடிவாதம் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். தன் குறையைத் தானே உணர முடியாமல் போவதும் அந்தக் காயத்தின் ஒரு பகுதிதான் என்று படம் மெல்ல மெல்ல உணர்த்திவிடுகிறது.

இந்தக் கதையில் பனியை எடுத்துவிட்டு பல்சரை வைத்தால் அது எங்கள் வீடு. தம்பிக்கு பைக் ஓட்டவேண்டும். தினமும் சாவி கேட்பான். அம்மா சாவியை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தார், அவன் கேட்கும்போதெல்லாம் தொலைந்துபோச்சு என்பார்.

படத்தில் அந்தக் குடும்பம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பேசுகிற இடம் வருகிறது. அப்பா, அம்மா, அண்ணன்மார். அண்ணன்களில் டேவிட்டுக்கு டவுன் சிண்ட்ரோம், பிறவியிலேயே வரும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு. நீ மறுபடி போகவேண்டாம், நீ செத்துப்போவதை நான் பார்க்க விரும்பவில்லை என்கிற பொருளில் அவர் தம்பியிடம் நேராகச் சொல்கிறார். மற்றவர்கள் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் போட்டு உடைத்துவிடுகிறார். நான் லேப்டாப்பை நிறுத்தி நிறுத்தி அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் சொல்லவேண்டிய தேவை வரவில்லை. அம்மா திரையையே பார்த்தபடி, "அந்தத் தாயும் என்னையாட்டந்தான் முழிக்கறா பாரு" என்றார்.

தம்பி வேறொன்றைப் பார்த்திருந்தான். தலையில் இரண்டாம் முறையும் அடிபட்ட இன்னொரு இளைஞனைக் கெவின் சந்திக்கும் காட்சி. அதைத் திரும்பப் போடச் சொன்னான். மூன்று முறை போட்டேன். அன்று ராத்திரி அவன் சாவி கேட்கவில்லை. மறுநாள் கேட்டான். ஒரே படத்தில் மனம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. நடந்தது இதுதான்: அம்மா பொய் சொல்வதை நிறுத்தினார். சாவியை அரிசியிலிருந்து எடுத்துக் கழுவி மேசை மேல் வைத்து, "இருக்குது சாமி. குடுக்கறதுக்கு எனக்குப் பயமா இருக்குது" என்றார். அதன் பிறகு அந்த வீட்டில் அதைப்பற்றிப் பேச முடிந்தது. சாவி அப்புறம் ஆணியில்தான் தொங்கியது. வண்டியைப் போன வருடம் அவனே விற்கச் சொன்னான்.

கெவினும் ஒரு வழியாகப் புரிந்துகொள்கிறான். பிறகு அண்ணன் ஆடமுடன் சேர்ந்து, மூளைக்காயப்பட்டவர்களுக்காக 'லவ் யுவர் பிரெயின்' என்ற அமைப்பை 2014-இல் தொடங்கினான்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கேபி கிஃபர்ட்ஸ், 2011 ஜனவரி 8 அன்று டூசான் நகரில் தலையில் சுடப்பட்டவர். அவர் பற்றி 2022-இல் வந்த படத்தையும் பார்க்கவேண்டும். சிகிச்சைக் காலத்தில் அவர் கணவர் எடுத்து வைத்த வீடியோக்கள் அதில் இருக்கின்றன. பேச முடியாதவர் பாட்டுப் பாடுகிறார். மொழி பெரும்பாலும் மூளையின் இடப்பாதியை நம்பியிருக்கிறது, அங்கேதான் குண்டு பாய்ந்தது. ராகம் வேறு பாதை வழியாகவும் வரும். தம்பிக்குப் பேச்சு போகாததால் அதை நான் அவ்வளவு ஆழமாகப் படிக்கவில்லை. பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்கள் வீட்டில் இருந்தால் அவசியம் பாருங்கள்.

இந்தப் படங்களில் எனக்கு ஒரு உறுத்தலும் இருந்தது. கிளைவ் வேரிங் என்று இங்கிலாந்து இசையறிஞர் ஒருவர். 1985 மார்ச்சில் ஹெர்பிஸ் கிருமி மூளையைத் தாக்கியதில், புதிதாக எதையும் சில விநாடிகளுக்கு மேல் நினைவில் நிறுத்த முடியாதவரானார். டைரியில் இப்போதுதான் முதன்முறையாக விழித்தேன் என்று எழுதுவார், சற்று நேரத்தில் அதை அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதுவார். அடுத்த வருடமே ஜோனதன் மில்லர் என்ற இயக்குநர் அவரை வைத்து ஓர் ஆவணப்படம் செய்தார். உலகம் நினைவைப்பற்றி நிறையத் தெரிந்துகொண்டது. ஆனால் அவரிடம் எத்தனை முறை அனுமதி கேட்டிருந்தாலும், கேமராவை நோக்கி வாய் திறக்கும்போது அது அவர் நினைவில் இருந்திருக்காது. லோட்யேயின் படத்தை நான் முதலிடத்தில் வைப்பது இதனால்தான். எது இருக்கவேண்டும், எது வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் அடிபட்டவரே உட்கார்ந்திருக்கிறார்.

தம்பியை நான் படம்பிடித்தபோது இதைத்தான் மனதில் வைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கேட்டேன், சரி என்றான். அதை அவன் நோட்டில் அவன் கையாலேயே எழுதச் சொன்னேன். சனிக்கிழமை நோட்டைக் காட்டி மறுபடி கேட்டேன். "உப்புமா செய்யறத எடு" என்றான்.

போனை ஜன்னல் திட்டில் சாய்த்துவைத்துவிட்டு நான் வெளியே போய்விட்டேன். பதினான்கு நிமிட வீடியோ. ரவையை வறுக்கிறான், நன்றாக, பொன்னிறமாக. தட்டில் கொட்டுகிறான். வெங்காயம் அரிகிறான். லேத்தில் நின்ற கை, துண்டுகள் ஒரே அளவாக விழுகின்றன. தாளிக்கிறான், வதக்குகிறான், அடுப்பைக் குறைக்கிறான். அடுத்து தண்ணீர். தண்ணீர்ச் சொம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நிற்கிறான். கரண்டி கையில் இருக்கிறது. சொம்பைப் பார்க்கிறான், வாணலியைப் பார்க்கிறான். நாலு நிமிடம் இருபது விநாடி. நான் எண்ணியிருக்கிறேன். வெளியிலிருந்து அம்மா தற்செயலாக "தண்ணி ஊத்திட்டியா?" என்று கேட்டதும் உடனே எடுத்து ஊற்றுகிறான். அப்புறம் ஒரு தடங்கலும் இல்லை. உப்புமா நன்றாகவே வந்தது.

இந்த வீடியோவை அவனுக்கு மருந்து எழுதும் டாக்டரிடம் காட்டினேன். அதுவரை ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம், இன்றைக்கு என்ன தேதி, முதலமைச்சர் யார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறை. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிடுவான். அன்று அவர் அந்த நாலு நிமிடத்தையும் தள்ளிவிடாமல் பார்த்தார். வெளியே எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்த நாலு நிமிடத்துக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள். பிறகு தொழில்வழிச் சிகிச்சைக்கு, அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் சிகிச்சைக்கு, எழுதிக்கொடுத்தார். இப்போது சமையலறைச் சுவரில் வரிசையாகப் படங்கள் ஒட்டியிருக்கிறோம். ஒன்று முடிந்ததும் விரலால் அடுத்ததைத் தொடுகிறான். போனில் அலாரம். கேஸ் கசிந்தால் கத்துகிற ஒரு கருவி. பட்டறை முதலாளியும் அந்த வீடியோவைப் பார்த்தார். மெஷின் வேலை கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார், அது நியாயம். வெர்னியர் பிடித்து அளவு பார்க்கிற வேலையைக் காலையில் மூன்று மணி நேரம், சத்தமில்லாத பின்னறையில் கொடுத்தார்.

சொந்தக்காரர்களுக்குக் காட்டலாமா என்று தம்பிதான் கேட்டான். வாட்ஸப்பில் போடவேண்டாம், வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் என்றான். அவன் பேசுகிற ஒரு பகுதியையும் சேர்த்தோம். எதை வைக்கவேண்டும், எதை எடுக்கவேண்டும் என்று அவனே பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். அழுத இடத்தை எடுக்கச் சொன்னான். நாலு நிமிடத்தை நான் குறைக்கப் பார்த்தபோது விடவில்லை. "அதுதான்க்கா முக்கியம். அவங்களும் நிக்கட்டும்."

மொத்தம் பத்தொன்பது நிமிடம். பொங்கலுக்கு வந்த பெரியம்மா டிவியில் அதை முழுதும் பார்த்தார். நடுவில் இரண்டு முறை, "ஊத்து சாமி, ஊத்து" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். முடிந்ததும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

மாசியில் மறுபடி வந்தார். சாயங்காலம் கூடத்தில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, சமையலறையில் மிக்ஸி. தம்பி உள்ளறையிலிருந்து வந்து சுவரோரம் உட்கார்ந்தான். பெரியம்மா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டிலில் கிடந்த ரிமோட்டைத் தேடி எடுத்தார். "ஏங்கண்ணு, இந்தச் சத்தம் தலைக்குள்ள போயிக் குடையுதா? நிறுத்தட்டுமா?"

"மிக்ஸிய மட்டும் நிறுத்தச் சொல்லுங்க பெரீம்மா," என்றான். "டிவி இருக்கட்டும்."